உங்களுக்குத் தெரியுமா? நம் கால்பந்து அணியின் கதை

வெறுங்கால் காரணம் இல்லை

1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றிருந்தது. ஆனால் வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொல்லிவிட்டதால் நம் அணி போகவில்லை. டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் சொல்லும் கதை இது. நடந்தது வேறு. தகுதிச் சுற்றில் இருந்த மற்ற ஆசிய அணிகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் தானாக வந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றோடு ஒரே பிரிவில் பெயரும் சேர்க்கப்பட்டது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளவும் பிரேசில் முன்வந்தது. அப்படியும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் மறுத்தது. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய நேரமில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். உண்மையில் அன்றைய நிர்வாகிகளுக்கு உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. ஒலிம்பிக்தான் அவர்களுக்கு எல்லாம். அந்தத் தலைமுறையின் தூணான சைலேன் மன்னாவே பிற்காலத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஒரு கமிட்டி அறையில் எடுத்த முடிவின் பழியை 75 ஆண்டுகளாக வீரர்களின் பாதங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பாதங்களின் பெருமை

வெறுங்கால் ஆட்டத்துக்கென்று ஒரு வீர வரலாறே உண்டு. 1911 ஜூலை 29-ல், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர மற்ற 10 பேரும் வெறுங்கால். எதிரே பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். கேப்டன் சிவதாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். 2-1 என்று மோகன் பகான் வென்றது. நாட்டுக்கென்று ஓர் அணி உருவாவதற்கு முன்பே, வெள்ளைக்கார ராணுவ அணியைப் பந்தால் வெல்ல முடியும் என்று அந்த நாள் காட்டிவிட்டது.

முதல் பயணங்கள்

கோஷ்ட பால் தலைமையில் ஓர் இந்திய அணி 1933-ல் இலங்கைக்குப் போய் ஆடியது. சம்மேளனம் பிறந்ததே 1937-ல்தான். மறு ஆண்டே அணி கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே ஆடிய ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் ஒன்றில் வெற்றி, ஒன்றில் சமநிலை.

கிளாஸ்கோவில் கல்கத்தாக்காரர்

1936-ல் முகமது சலீம் என்ற கல்கத்தா வீரர் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கால்களில் பூட்ஸ் இல்லை, வெறும் கட்டுத்துணிதான். ஊர் நினைவு வாட்டவே திரும்பி வந்துவிட்டார்.

லண்டன், 1948

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31-ல், இல்ஃபோர்டு நகரின் கிரிக்கில்ஃபீல்டு மைதானத்தில் பிரான்ஸுக்கு எதிராக நடந்தது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸ் முதலில் அடித்தது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பதிலடி கொடுத்தார். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல் அது. இரண்டு பெனால்டிகள் கைநழுவிப் போயின. கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்றைப் போட்டு 2-1 என்று தப்பித்தது. தோற்ற அணிக்குத்தான் லண்டன் ரசிகர்கள் அதிகம் கைதட்டினார்கள்.

அன்று ஆடிய பதினொருவரில் கோல்கீப்பர் வரதராஜ், வஜ்ரவேலு, அகமது கான், ராமன் ஆகியோர் பெங்களூரின் கால்பந்தில் வளர்ந்தவர்கள். இந்தியக் கால்பந்து என்றாலே வங்காளம் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். பெங்களூரைப் போல ராணுவத் தண்டு இருந்த ஊர்களில் எல்லாம் பந்தும் இருந்தது.

கேப்டன், டாக்டர்

அந்த அணியின் கேப்டன் தாலிமெரென் ஆவ், நாகா மலைகளைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்தபடியே மோகன் பகானுக்கு ஆடியவர். ஒலிம்பிக் முடிந்து சில ஆண்டுகளில் டாக்டராக ஊர் திரும்பினார். பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநர் ஆனார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்குக்கு அனுப்பிய முதல் கால்பந்து அணியைத் தலைமை தாங்கி நடத்தியவர் வடகிழக்கின் பழங்குடி இளைஞர் என்பது பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய செய்தி.

ஆசியாவின் முதல் தங்கம்

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியில் ஈரானை 1-0 என்று வென்றோம். கோல் அடித்தவர் சியோ மேவாலால். கேப்டன் சைலேன் மன்னா. உலகக் கோப்பைக்குப் போகாத அதே தலைமுறை இது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் இந்த வெற்றியைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

பத்து கோல் பாடம்

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்தின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நமக்காக ஒரு கோல் போட்டவர் அகமது கான். அந்த யூகோஸ்லாவியா சாதாரண அணி இல்லை; அடுத்து சோவியத் யூனியனோடு 5-5 என்று ஆடி, மறு ஆட்டத்தில் வென்று, வெள்ளிப் பதக்கம் வரை போனது. ஆனாலும் ஊர் திரும்பியதும் சம்மேளனம் விழித்துக்கொண்டது. பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது. ஆக, பூட்ஸ் விவகாரம் முடிவுக்கு வந்தது 1950 உலகக் கோப்பையால் அல்ல, இந்தத் தோல்வியால்.

கொழும்புக் கோப்பை

1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய போட்டி கொழும்புக் கோப்பை. கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா என ஆண்டுக்கு ஓர் ஊர். முதல் முறை பாகிஸ்தானோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டோம். மற்ற மூன்று முறையும் தனியாக வென்றோம்.

ரஹீம் சார்

இந்திய அணியின் பொற்காலத்துக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்தான். தொழில் பள்ளி ஆசிரியர். 1950-ல் ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது. அதே காலத்தில் தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது.

அவர் பயிற்றுவித்த முறை இன்றும் வியப்பு தரும். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று வைத்துப் போட்டிகள் நடத்துவார். இரண்டு தொடுதலுக்குள் பந்தை அனுப்பிவிட வேண்டும் என்று ஆட்டங்கள் வைப்பார். உலகமே ஹங்கேரி அணியைப் பார்த்து வியந்துகொண்டிருந்த நாட்களில், சென்டர் ஃபார்வர்டைச் சற்றுப் பின்னால் இழுத்து நிறுத்தும் அவர்களின் உத்தியை நம் அணிக்கும் கொண்டுவந்தார். உடல் வலுவில் நாம் ஐரோப்பியர்களுக்கு ஈடாக முடியாது, அதனால் பந்தை வேகமாகக் கைமாற்றுவதில்தான் நம் பிழைப்பு என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். வகுப்பறையில் பாடம் சொல்லும் பொறுமையோடு அதைச் செய்தும் காட்டினார்.

அவர் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். பிறகு விமானப்படை அதிகாரியாகவும் ஃபிஃபா நடுவராகவும் ஆனார். 2024-ல் வந்த ‘மைதான்’ இந்திப் படம் ரஹீமின் கதைதான்.

மெல்போர்னில் நான்காம் இடம்

1956 ஒலிம்பிக். முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் நேரே காலிறுதி. எதிரே ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் மண்ணில். பம்பாய் வீரர் நெவில் டிசௌசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். ஆட்டம் 4-2. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகவும் முதல் கோல் அவருடையதே. ஆனால் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை வந்த முதல் ஆசிய அணி நாம்தான். போட்டி முடிந்த கையோடு சிட்னியில் ஆஸ்திரேலியாவோடு மீண்டும் ஆடி 7-1 என்று வென்றோம்.

நான்கு கோல்களோடு போட்டியின் அதிக கோல் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட நெவில் டிசௌசாவின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு மைதானத்துக்காவது அவர் பெயர் சூட்டியிருக்கலாம்.

கோல் கம்பத்தின் காவலர்

பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்த காலத்தில் சென்டர் ஃபார்வர்டு ஆடியவர். கோல் அடிக்க வந்தவர் கோல் தடுப்பவராக மாறினார். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றார். மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் அணியில் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது.

ரோமில் பிரான்ஸை நிறுத்தியவர்கள்

1960 ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோற்றோம். பிரான்ஸுக்கு எதிராக பி.கே. பானர்ஜி போட்ட கோலால் வெற்றியை நெருங்கி, கடைசிக் கட்டத்தில் 1-1 என்று முடிந்தது. பெருவிடம் 3-1 தோல்வி. அதன் பிறகு இன்றுவரை இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் கால் வைக்கவில்லை.

தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் அந்த ரோம் அணியில் இருந்தவர். 1973-ல் கேரளா முதன்முறை சந்தோஷ் டிராபியை வென்றபோது அணியின் பயிற்சியாளர் இவர்தான். கேரளத்தின் கால்பந்துப் பெருமையில் தஞ்சாவூருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஜகார்த்தா, 1962 செப்டம்பர் 4

இந்திய அணியின் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அது முறையல்ல என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசினார். ஜகார்த்தாவில் கோபம் மூண்டது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. மறுநாள் செனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய வீரர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல்.

அணியின் நிலைமையும் சரியில்லை. இறுதியில் எதிரே நின்ற தென் கொரியாவிடம் தொடக்க ஆட்டத்தில் 2-0 என்று தோற்றிருந்தோம். பின்கள வீரர் ஜர்னைல் சிங் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். கோல்கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. ரஹீமின் உடலை நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

அரையிறுதியிலேயே ரஹீம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கட்டுப்போட்ட தலையோடு இருந்த ஜர்னைலைச் சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். கல்லூரிக் காலத்தில் அவர் அந்த இடத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். இறுதியிலும் அதே ஏற்பாடு. முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. அடிபட்ட தலை, ஆனால் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் ஒதுங்கும் அளவுக்கு வேகம். கடைசியில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்.

அரங்கில் நமக்காகக் கைதட்டியவர்கள் மிகச் சிலர். அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்ததாக அந்த அணியினர் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அந்த அணி எங்கிருந்து வந்தது?

கேப்டன் சுனி கோஸ்வாமி வங்காளம். ஜர்னைலும் திரிலோக் சிங்கும் சீக்கியர்கள். சந்திரசேகர் கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா. துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் ராணுவத் தண்டை ஒட்டிய அம்முகுடா. யூசுஃப் கான் ஹைதராபாத். ஃபார்ச்சுனாட்டோ ஃபிராங்கோ கோவா. ராம் பகதூர் டேராடூன். இவர்களுக்குப் பொதுவாக ஒரு தாய்மொழி கிடையாது. ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று அரசு வேலைக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பங்களும் துறைகளுமே பந்தை நாடெங்கும் கொண்டுபோயின. அந்தத் துறை அணிகள் இல்லாமல் அந்தத் தங்கம் இல்லை.

சுனி கோஸ்வாமி கிரிக்கெட்டிலும் சளைத்தவரில்லை. வங்காள அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சி கோப்பை இறுதி வரை கொண்டுபோனார்.

ரஹீமுக்குப் பிறகு

ஜகார்த்தா வெற்றிக்கு ஓர் ஆண்டு நிறையுமுன், 1963 ஜூனில் ரஹீம் காலமானார். அவர் போட்ட அடித்தளம் சில காலம் தாங்கியது. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் சையத் நயீமுதீன் தலைமையில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். அதோடு பெரிய பதக்கங்கள் நின்றன. ஜப்பானும் கொரியாவும் பள்ளி, பல்கலைக்கழகம், தொழில்முறை லீக் என்று கட்டியெழுப்பிக்கொண்டே போக, நாம் கல்கத்தா லீக்கின் பழைய சூட்டிலேயே குளிர்காய்ந்தோம். ஒரு ஆசிரியரின் மூளையை மட்டும் நம்பியிருந்த அமைப்புக்கு அவர் போன பின் வேறு வழி தெரியவில்லை.

35 ஆண்டு தாமதம்

1954-ல் உலகக் கோப்பைக்கு இந்தியா அனுப்பிய விண்ணப்பத்தை ஃபிஃபா ஏற்கவில்லை. தகுதிச் சுற்றில் நம் அணி முதன்முதலாகக் களமிறங்கியது, 1950 வாய்ப்பைத் தவறவிட்டு 35 ஆண்டுகள் கழித்து, 1985-ல்தான்.

அர்ஜென்டினாவோடு ஓர் இரவு

1984-ல் கல்கத்தாவில் நேரு கோப்பை. பிலார்டோ பயிற்றுவித்த அர்ஜென்டினா வந்திருந்தது. இந்தியா 1-0 என்று மட்டும் தோற்றது. கோல் அடித்தவர் ரிக்கார்டோ கரேகா. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிலார்டோதான் மரடோனாவோடு உலகக் கோப்பையைத் தூக்கினார்.

சோடா விற்ற கைகள்

ஐ.எம். விஜயன் சிறுவனாகத் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். அதே மைதானத்தில் ஆடித்தான் கேரளா போலீஸ் அணிக்கும், பிறகு தேசிய அணிக்கும் போனார். 1999-ல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது விநாடியில் கோல் போட்டார். 2025-ல் பத்மஸ்ரீ.

94 முதல் 173 வரை

ஃபிஃபா தரவரிசையில் இந்தியாவின் சிறந்த இடம் 94. அது 1996 பிப்ரவரியில். மிக மோசமான இடம் 173, 2015 மார்ச்சில்.

வாருங்கள், திட்டவாவது வாருங்கள்

பலராமைப் போலவே சுனில் சேத்ரி பிறந்ததும் செகந்திராபாத்தில்தான். தந்தை ராணுவத்தில் இருந்தார். தாயார் நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி மூன்று கோல் போட்ட ஆட்டம் அது. மறுநாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். மைதானத்துக்கு வாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எங்கள் முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்து கென்யாவோடு நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அது அவருடைய 100-வது ஆட்டம். இரண்டு கோல் அடித்தார்.

2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 94 கோல். அந்த நேரத்தில் ரொனால்டோ, அலி தேயி, மெஸ்ஸி மூவர் மட்டுமே அவருக்கு முன்னால். அடுத்த ஆண்டே அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்து, மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோலைப் போட்டார். 40 வயதில் ஒருவரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது என்பது அவருக்குப் பெருமை. நாட்டுக்கு அது கவலை.

தோஹாவில் ஒரு நல்ல நாள், ஒரு கெட்ட நாள்

2019 செப்டம்பரில் ஆசியச் சாம்பியன் கத்தாரை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினோம். சேத்ரி ஆடவில்லை, குர்பிரீத் சிங் சந்து கோல் வாயில் சுவராக நின்றார். 2024 ஜூனில் அதே ஊர், அதே எதிரணி. சாங்தே போட்ட கோலால் முன்னிலையில் இருந்தோம். கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் போட்ட கோலை நடுவர்கள் அனுமதித்தார்கள். 2-1 தோல்வி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறினோம். அந்தப் பந்து வெளியே போனதைப் பார்க்காத இந்திய ரசிகர் இல்லை.

மணிப்பூரின் எட்டுப் பேர்

2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நம் 21 பேர் அணியில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள், கேப்டன் அமர்ஜித் உட்பட. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல், ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல். அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி அடித்து வென்றது. ஆனாலும் டெல்லி மைதானத்தில் அந்த ஒரு நிமிட ஆரவாரத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

பெண்கள் முந்திக்கொண்டார்கள்

ஆசிய மகளிர் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போனவர்கள். அதில் ஒன்று கோழிக்கோட்டில் நடந்தது. அப்போது அவர்களை நடத்தியது பெரிய சம்மேளனம் அல்ல, மகளிருக்கென்று தனியாக இருந்த ஒரு சிறிய அமைப்பு. 1983-ல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். பிறகு வந்த மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி 2020-ல் பத்மஸ்ரீ ஆனார். இடையில் ஆட்டமே கிடைக்காமல், 2009-ல் தரவரிசைப் பட்டியலிலிருந்தே பெண்கள் அணியின் பெயர் நீக்கப்பட்ட காலமும் உண்டு.

நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் காக்கிச் சீருடையோடு சென்னைத் தெருக்களில் பணியில் இருந்தவர். அந்த நாட்களிலும் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை என்ற இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். தாய்லாந்து அணியை வென்றால் ஆசியக் கோப்பைக்குப் போகலாம். இந்தியாவை விடத் தரவரிசையில் முன்னால் இருந்த அணி அது. வங்காளத்தின் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட்டார், 2-1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று மகளிர் ஆசியக் கோப்பைக்கு இந்தியா போவது அதுவே முதல் முறை.